சிவப்பு ரிப்பன் கட்டிய சீசா

டெல்மிரா ஓஸ்டோயிச்சுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை நாள்தான். அன்று மதியம் ரொசாரியோ நகரில் எந்த மொட்டைமாடியைப் பார்த்தாலும் மாட்டு விலா வாட்டும் புகை எழும். ஜன்னல்களுக்குள்ளே பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். டெல்மிரா அந்தப் புகைக்கும் சத்தத்துக்கும் கீழே நடந்து, ஆற்றங்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஆய்வகத்துக்குப் போவாள். காவலாளி ஞாயிறு வருவதில்லை. சாவி அவளிடம்தான் இருந்தது. கட்டடத்தில் விளக்கைப் போடுவதும் அவள்தான், அணைப்பதும் அவள்தான்.

தட்டில் வளரும் செல்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் பழைய நீரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது நீர் ஊற்ற வேண்டும். அவற்றுக்கு ஞாயிறு தெரியாது. மற்றவர்களுக்குக் குடும்பம் இருந்தது. டெல்மிராவுக்கு பாயியா பிளாங்காவில் ஓர் அண்ணன் இருந்தான், கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை தொலைபேசியில் கூப்பிடுவான். ஆகையால் ஞாயிறு அவளுடையது என்று யாரும் சொல்லாமலே முடிவாகிவிட்டது. இருபத்தாறு ஆண்டுகளாக அதை யாரும் திரும்பப் பேசவில்லை.

அவளுக்கு ஐம்பத்தேழு வயது. முப்பத்தொன்றாவது வயதில், மருத்துவக் கல்லூரியில் சீசா கழுவும் வேலையில் இருந்தபோது, அவளுடைய அம்மா இறந்தாள். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, பிரஷர் என்றார்கள். சட்டையில் இஸ்திரிப் பெட்டியின் உருவம் கருகிப் பதிந்திருந்தது. அதே ஆண்டு டாக்டர் லிசாண்ட்ரி ரத்தக்குழாய் ஆய்வுக்கு ஒரு சின்ன ஆய்வகம் திறந்தார். செல் வளர்க்கக் கைப்பக்குவம் உள்ள ஒருவர் வேண்டும் என்று கேட்டார். டெல்மிரா தானாகப் போய்ப் பெயர் கொடுத்தாள்.

அங்கே என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும்.

நம் ரத்தக்குழாயின் சுவரில் தசைச் செல்கள் இருக்கின்றன. நெசவுத் தறியின் நாடா போல ஒல்லியாக, இரு முனையும் கூராக இருக்கும். சுருங்குவதும் தளர்வதும்தான் அவற்றின் வேலை. ஆனால் சில ஹார்மோன்கள் அதிகமாக வந்து அவற்றின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தால், அவை அந்த வேலையை விட்டுவிட்டுக் கொத்தனார் வேலைக்குப் போய்விடும். உடம்பு அகலமாகும், கூரிய முனைகள் மறையும், ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இடம் விட்டு இடம் நகர்ந்து, நார் நாராகக் கட்டிக்கொண்டே போகும். சுவர் தடிக்கும், விறைக்கும், ரத்தம் ஓடும் வழி குறுகும். அம்மாவின் தலைக்குள் நடந்ததற்கு முன்னால் பல ஆண்டுகள் இதுதான் சத்தமில்லாமல் நடந்திருக்க வேண்டும்.

அந்த ஹார்மோன்களில் ஒன்று ஆல்டோஸ்டிரோன். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து வருவது. உடம்பில் உப்பைத் தக்கவைப்பது மட்டும்தான் அதன் வேலை என்று நெடுங்காலம் நம்பினார்கள். தசைச் செல்லோடு அது நேரடியாகவும் பேசுகிறது என்பது டாக்டர் லிசாண்ட்ரியின் கட்சி. டெல்மிராவின் சுரப்பியே அதை அளவுக்கு மேல் சுரக்கிறது என்று ஐந்து ஆண்டுக்கு முன் மருத்துவமனையில் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து காலையில் ஒரு மாத்திரை. தட்டில் பார்ப்பது தன் கைக்குள்ளும் நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு.

செல்கள் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வரும். அம்மாமாரிடம் கேட்டு வாங்கிய தொப்புள்கொடியை, உப்புநீர் நிரப்பிய ஜாடியில் போட்டுச் செவ்வாய்தோறும் எடுத்து வருவாள். அதன் குழாயைப் பிரித்துச் செல்லை எடுப்பாள். அவற்றின் நீரில் கலக்கும் சீரம் மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. நாடு நொடித்துப்போன பிறகு அதுவும் நின்றது. மாட்டுக்குப் பேர்போன ஊரில் சீரத்துக்கா பஞ்சம் என்று டாக்டர் சொல்ல, டெல்மிராவே இறைச்சிக்கூடத்துக்குப் போகத் தொடங்கினாள். அறுத்த பசுவின் வயிற்றில் சில சமயம் கன்று இருக்கும். அதன் ரத்தம்தான் வேண்டும்.

கூடத்தில் எலெயுதேரியோ என்ற தடித்த ஆள், ரப்பர் பூட்ஸோடு நின்று அவளை வரவேற்பான்.

"வாங்க வாங்க, காட்டேரியம்மா வந்துட்டாங்க! இன்னைக்கு எத்தனை சீசா குடிக்கப் போறீங்க?"

"நாலு. உன்னோடதும் கொஞ்சம் எடுக்கலாம்னு பாத்தேன். ஆனா அதுல ஒயின்தான் வரும்."

"கேட்டீங்களாடா! டெல்மிராம்மா இன்னைக்கு வாய் திறந்துட்டாங்க. எழுதி வைங்கடா, மழை வரும்!"

வாரத்தில் அவள் சிரிக்கும் இடம் அது ஒன்றுதான். பிறகு பேருந்தில் மடியில் பனிப்பெட்டியை வைத்துக்கொண்டு திரும்பி வருவாள். ரத்தத்தை உறையவிட்டு, மேலே நிற்கும் தேன் நிறச் சீரத்தை எடுத்து வடிகட்டுவாள்.

அந்தச் சீரம் இரண்டு வகையாகப் பிரியும். எதுவும் கலக்காத பச்சைச் சீரம் ஒன்று. அதில் வளரும் கன்றுக்குத் தேவையான எல்லா ஹார்மோனும் இருக்கும், செல் தின்று கொழுத்துப் பெருகும். செல்லைப் பெருக்கிச் சேமிக்க அது நல்லது. ஆனால் ஹார்மோன் என்ன செய்கிறது என்று பார்க்கும் சோதனையில் அதை ஊற்றக் கூடாது. ஏற்கெனவே சர்க்கரை போட்ட பாலில் இன்னொரு கரண்டி போட்டு இனிப்பு ஏறியதா என்று பார்ப்பது போலாகிவிடும். அதற்காக அவள் பாதிச் சீரத்தில் கரித்தூளைக் கலந்து இரவெல்லாம் சுழலவிடுவாள். கரி ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கரியை வடிகட்டி எடுத்தால் மிஞ்சுவதுதான் கரி போட்ட சீரம்.

"விலா வாட்டுற அடுப்புக்கரியைப் போட்டா ருசியா இருக்குமே, டெல்மி," என்பான் பக்கத்து மேசை ஃபப்ரிசியோ. இதை அவன் ஒவ்வொரு மாதமும் சொல்வான்.

மைத்தேனா வந்தபோது அவளுக்கு இருபத்தைந்து வயது. முனைவர் பட்டத்துக்கு ஆல்டோஸ்டிரோனையே எடுத்துக்கொண்டாள். வந்த முதல் வாரமே, மாத்தே என்ற கசப்பு இலைத் தேநீர் ஊறும் குடுவையும் வெந்நீர்க் குடுவையும் தூக்கிக்கொண்டு டெல்மிராவின் அறை வாசலில் நின்றாள். உள்ளே எதுவும் குடிக்கக் கூடாது என்பது டெல்மிராவின் சட்டம்.

"உள்ள வரமாட்டேன். நீங்க வெளிய வாங்க. தனியாக் குடிச்சா இது கசாயம்தான்."

ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல், மாறி மாறி. டெல்மிரா பல ஆண்டுகளாக வீட்டில் தானே ஊற்றித் தானே குடித்துப் பழகியவள். முதல் நாள் இன்னொரு கையிலிருந்து குடுவையை வாங்கியபோது, உறிஞ்சுகுழலைத் துடைக்கப் போய் நிறுத்திக்கொண்டாள். அதன் பிறகு நாலு மணி ஆனால் காது தானாகவே நடைவழிப் பக்கம் திரும்பும்.

மைத்தேனாவின் சோதனை நகரவில்லை. ஆறு தட்டுக்கு ஹார்மோன், ஆறு தட்டு சும்மா. ஹார்மோன் தட்டில் செல்கள் கொஞ்சம் அகலமாயின, கொஞ்சம் பெருகின. கொஞ்சம்தான். நவம்பரில் மார் தெல் பிளாட்டாவில் மாநாடு. அங்கே பளிச்சென்று ஒரு படம் காட்டினால் வெளிநாட்டு ஆய்வகத்தில் இடம் கிடைக்கும், காட்டாவிட்டால் உதவித்தொகையோடு எல்லாம் முடிந்தது.

"யாரோ கண்ணு வச்சிருக்காங்க," என்றாள் மைத்தேனா ஒருநாள். மறுநாள் தன் அத்தையிடமிருந்து ஒரு சிவப்பு ரிப்பன் வாங்கி வந்து, தன் கரி போட்ட சீரம் இருந்த சீசாவின் கழுத்தில் கட்டினாள்.

"விஞ்ஞானி!" என்று கைதட்டினான் ஃபப்ரிசியோ. "கூடவே ஒரு பூண்டு மாலையும் போடு."

"நீ சிரி. இது தானா வாங்கிக் கட்டுனா பலிக்காது, தெரியுமா? இன்னொருத்தர் குடுக்கணும்."

அன்றிலிருந்து குளிர்பெட்டியைத் திறந்தால் ரிப்பன் கட்டிய சீசா மைத்தேனாவுடையது. பனியில் எழுத்து மங்கிய சீட்டை யாரும் படிப்பதில்லை. டெல்மிராவும்தான்.

ஜூலை பதினெட்டு, வெள்ளி. அங்கே அது குளிர்காலம். அந்த நாட்டில் இருபதாம் தேதிதான் நண்பர் தினம்; அந்த ஆண்டு அது ஞாயிறன்று விழுந்தது. மைத்தேனா கிளம்பும் அவசரத்தில் தலைக்கு ஒரு கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டபடி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"டெல்மி, ஞாயித்துக்கிழமை ஃபுனெஸ்ல என் தோழிங்களோட இருப்பேன். அதனால இப்பவே." அவள் கையை நீட்டினாள். ஒரு முழம் சிவப்பு ரிப்பன். "உங்களுக்கு. நண்பர் தின வாழ்த்துகள்."

"எனக்கு யாரு கண்ணு வைக்கப் போறா?"

"நான்தான். உங்க கை மாதிரி கை எனக்கு இல்லையே." அவள் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள்.

டெல்மிரா ரிப்பனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். மணிக்கட்டில் கட்டலாம். ஆனால் கையுறை போடும்போது தடுக்கும். கடைசியில் தான் மட்டும் எடுக்கும் சீசா ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. சேமிப்புச் செல்களுக்கான பச்சைச் சீரம். அதன் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். குளிர்பெட்டியைச் சாத்திவிட்டு, மறுபடி திறந்து ஒரு தடவை பார்த்தாள்.

ஞாயிறு காலை பனி இறங்கியிருந்தது. ஆய்வகத்தில் சூடேற்றி வேலை செய்யவில்லை. அவள் மேல்கோட்டின் மேல் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டாள். குளிர்பெட்டியிலிருந்து ரிப்பன் சீசாவை எடுத்தாள். கரி போட்டது என்ற எழுத்து தெரிந்தது. முதல் குடுவையில் நீர் கலந்தாள், சீசாவைத் திரும்ப வைத்தாள், சும்மா இருந்த ஆறு தட்டுக்கும் மாற்றினாள். இரண்டாவது குடுவையை எடுக்கப் போகும்போது நடைவழியில் தொலைபேசி அடித்தது.

ஞாயிறன்று அந்தத் தொலைபேசி அடித்து அவள் கேட்டதே இல்லை. ஓடினாள். ஃபுனெஸ் இங்கிருந்து பக்கம்தானே, தோழிகளோடு உட்கார்ந்திருந்தாலும் ஒரு நிமிடம் ஆகாதா என்று அந்த ஓட்டத்திலேயே நினைத்தாள்.

"ஹலோ, பீட்ஸா கடையா? மதியத்துக்கு எட்டுப் பேருக்கு மேசை வேணும். ஜன்னல் பக்கம் குடுங்க," என்றது ஒரு பெண் குரல். பின்னால் சிரிப்பும் தட்டுச் சத்தமும்.

"இது கடை இல்லம்மா. ஆய்வகம்."

"ஐயோ, மன்னிச்சுக்கோங்க! இன்னைக்குப் போயி உங்களை வேலை வாங்குறாங்களா? சரி, நண்பர் தின வாழ்த்துகள்!"

"உங்களுக்கும்," என்றாள் டெல்மிரா. அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

திரும்பி வந்தாள். அவளுடைய மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது, துடைக்கவில்லை. குளிர்பெட்டியைத் திறந்து, கழுத்தில் ரிப்பன் தெரிந்த சீசாவை எடுத்தாள். நீர் கலந்தாள், ஹார்மோன் சேர்த்தாள், மீதி ஆறு தட்டுக்கும் ஊற்றினாள். இன்குபேட்டரைச் சாத்தினாள். விளக்கை அணைத்தாள்.

செவ்வாய் காலை மைத்தேனாவின் கத்தல் மாடி வரை கேட்டது.

"டெல்மி! டாக்டர்! எல்லாரும் வாங்க!"

மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். சும்மா இருந்த தட்டில் ஒல்லியான செல்கள் மீன்குஞ்சுக் கூட்டம் போல ஒரே திசை பார்த்துக் கிடந்தன. ஹார்மோன் தட்டில் அவை தோசை ஊற்றியது போலப் பரந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, இடமே இல்லாமல் நிரம்பிவிட்டன. டாக்டர் லிசாண்ட்ரி நிமிர்ந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பதினோரு வருஷமா இதைத்தான் சொல்லிட்டிருந்தேன். ஒருத்தனும் கேக்கல. மைத்தேனா, படம் எடு. மார் தெல் பிளாட்டாவுக்கு இதுதான் போகுது."

மைத்தேனா டெல்மிராவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ரிப்பன்! நான் சொன்னேன்ல!"

சேமிப்புச் செல்களுக்கு ஐந்து நாளுக்கு ஒரு தடவை நீர் மாற்றினால் போதும்; புதன்கிழமை டெல்மிரா அதற்காகத் தன் சீசாவை எடுத்தாள். அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. தன் சீசாவிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் சீரம் நிற்கும் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவாள். கடைசிக் கோடு பதினெட்டாம் தேதி. சீரம் அந்தக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றது.

அவள் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, மைத்தேனாவின் சீசாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதில் இருக்க வேண்டியதைவிட இரண்டு விரற்கடை அதிகமாக இருந்தது. இரண்டு சீசா, இரண்டு ரிப்பன், ஒரே சிவப்பு.

படம் எதைக் காட்டுகிறது என்று இப்போது அவளுக்கு மட்டும் தெரியும். அந்தச் செல்களைக் கொத்தனாராக்கியது ஆல்டோஸ்டிரோன் இல்லை, கன்றின் பச்சைச் சீரம். வேறு யாருக்கும் தெரிய வழியில்லை. ஞாயிறன்று அவளைத் தவிர அங்கே யாரும் இருப்பதில்லை. கோட்டை ரப்பரால் அழித்து இன்னொரு கோடு போட்டால் தீர்ந்தது. நாலு மணிக்கு நடைவழியில் காலடிச் சத்தம் கேட்டது. அவள் வெளியே போய் மாத்தே குடித்தாள். மைத்தேனா மாநாட்டுக்குப் போடும் உடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். டெல்மிரா சீசாவைப் பற்றிப் பேச்செடுக்காமல் குடுவையைத் திருப்பிக் கொடுத்தாள்.

வியாழன் ஆறு தட்டைத் தனியாக எடுத்தாள். இரண்டில் பச்சைச் சீரம் மட்டும், ஹார்மோன் இல்லாமல். இரண்டில் கரி போட்ட சீரமும் ஹார்மோனும். இரண்டில் வெறும் கரி போட்டது. சனியும் போனாள், ஞாயிறும் போனாள். ஞாயிறு மதியம் குனிந்து பார்த்தபோது, ஹார்மோன் இல்லாத பச்சைச் சீரத் தட்டில் அதே பரந்த செல்கள், அதே நெரிசல். ஹார்மோன் தட்டில் பழையபடி கொஞ்சம்தான். ஆனால் இல்லாமல் இல்லை. அவள் திரும்பத் திரும்ப எண்ணினாள். அந்தக் கொஞ்சம் நிஜம். எதிர்த்தெருவில் யாரோ கிட்டார் வாசித்துப் பாடினார்கள், நடுவில் குழந்தைகள் கத்தின. தன் மணிக்கட்டில் விரலை வைத்து அதன் துடிப்பைச் சற்று நேரம் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கொஞ்சம்தான் அம்மாவை எத்தனை ஆண்டாக அரித்ததோ, இதோ இங்கேயும் அரிக்கிறதோ. பெரிய படம் ஊருக்குள் போனால் இந்தக் கொஞ்சத்தை இனி யார் உட்கார்ந்து எண்ணப் போகிறார்கள்?

திங்கள் நாலு மணிக்குக் குடுவை அவள் கைக்கு வந்தபோது, குடிக்காமலே சொன்னாள்.

"மைத்தேனா, உன் படம் சரியில்ல. தப்பு என்மேல."

எல்லாவற்றையும் சொன்னாள். சீசா, கோடு, தொலைபேசி. மைத்தேனா முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"எந்த சீசாவுல கட்டுனீங்க?"

"என்னோடதுல. பச்சைச் சீரம்."

"ஏன்? கையில கட்டிக்க வேண்டியதுதானே!"

டெல்மிரா குடுவையின் விளிம்பை விரலால் துடைத்தாள். எனக்கு யாரும் எதுவும் கொடுத்ததில்லை, தினமும் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன் என்று எப்படிச் சொல்வது?

மைத்தேனா நடைவழியின் இரு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்போ... திரும்பச் செஞ்சு பாப்போம். ஒருவேளை இதே மாதிரி வந்தா..."

"செஞ்சு பாத்துட்டேன். பழைய கொஞ்சம்தான் வருது."

"நாலு மாசம் பொறுத்துச் சொல்லியிருக்கலாமே, டெல்மி. நவம்பர் தாண்டி. உங்களுக்கு என்ன, இங்கேயே இருக்கப் போறீங்க. எனக்கு இது ஒண்ணுதான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

டெல்மிரா குடுவையைத் திருப்பிக் கொடுத்தாள். உள்ளே நீர் ஆறிப்போயிருந்தது. "டாக்டர்கிட்ட நான் போறேன். நீ வர வேணாம். ரிப்பனைப் பத்தி ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"சொல்லுங்க, எல்லாத்தையும் சொல்லுங்க," என்றாள் மைத்தேனா. வெந்நீர்க் குடுவையை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

டாக்டர் லிசாண்ட்ரி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கொண்டுவந்த ஆறு தட்டின் எண்ணிக்கையை நெடுநேரம் பார்த்தார்.

"இருபத்தாறு வருஷம், டெல்மிரா. ஒரு சீசா மாறினதில்ல."

"மாறியிருக்கலாம் டாக்டர். இந்தத் தடவை கோடு இருந்துச்சு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரில் ஒட்டியிருந்த அந்தப் பெரிய படத்தைத் தானே கழற்றினார். மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. குளிர்பெட்டியில் ரிப்பன், நூல், பொம்மை எதுவும் கூடாது. ஞாயிறன்று இனி யாரும் தனியாக வேலை செய்யக் கூடாது. ஒருவர் சீட்டைச் சத்தமாகப் படிக்க வேண்டும், இன்னொருவர் பார்த்துச் 'சரி' என்று சொல்ல வேண்டும், இருவரும் ஏட்டில் கையெழுத்துப் போட வேண்டும். முறை வைத்து வர வேண்டும்.

தண்டனையாகத்தான் எழுதினார்கள். ஆனால் அந்தத் தாளைப் படித்தபோது டெல்மிராவுக்கு முகம் சுட்டது. இனி ஞாயிறுகளில் இன்னொரு ஆள் வரும்.

முதல் ஞாயிறு ஃபப்ரிசியோ வந்தான், வாயில் பாதி மென்ற ரொட்டியோடு. "படிங்க டெல்மி, சீக்கிரம். அங்க என் பங்கு விலாவை என் மச்சான் முழுங்கிடுவான்." இருபது நிமிடத்தில் போய்விட்டான். அவனுக்காக அவள் வாங்கி வைத்திருந்த கேக் அப்படியே இருந்தது. இரண்டாவது ஞாயிறு டாக்டரே வந்தார், நின்றபடி கையெழுத்துப் போட்டார். மூன்றாவது, மைத்தேனாவின் முறை. அவள் வந்தாள். டெல்மிரா சீட்டைப் படித்தாள், மைத்தேனா சரி என்றாள். பன்னிரண்டு தட்டுக்கும் வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை. மாத்தே குடுவை கொண்டுவரவில்லை.

நான்காவது ஞாயிறு யாரும் வரவில்லை. யாருக்கோ பேரனின் ஞானஸ்நானம் என்று திங்கள் சொன்னார்கள். பிறகு ஞானஸ்நானமும் பிறந்தநாளும் கால்பந்தும் வந்துகொண்டே இருந்தன.

நவம்பரில் மைத்தேனா மார் தெல் பிளாட்டாவுக்குப் போனாள், சின்னப் படத்தோடு. சுவரில் ஒட்டும் ஆய்வுத் தாள்களின் வரிசையில் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்ததாம். இரண்டு பேர் நின்று படித்தார்களாம். வெளிநாட்டு இடம் கிடைக்கவில்லை. டிசம்பரில் கோர்தோபாவில் ஒரு மருந்துக் கம்பெனி வேலைக்குச் சேர்ந்தாள். போகும் நாளில் எல்லோருக்கும் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். டெல்மிராவுக்கும் கொடுத்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்த மாதிரி இருந்தது. பிறகு, "உடம்பைப் பாத்துக்கோங்க," என்று மட்டும் சொன்னாள். டெல்மிரா மாத்திரை சாப்பிடுகிறாள் என்று அவளுக்குத் தெரியாது. எல்லோரும் எல்லோருக்கும் சொல்வதுதான் அது.

டிசம்பர் கடைசித் திங்கள் ஃபப்ரிசியோ ஏட்டைப் புரட்டிக்கொண்டு வந்தான்.

"டெல்மி, இந்தப் பக்கம் பூரா ரெண்டாவது கையெழுத்து காலியா இருக்கு. டாக்டர் வருஷக் கணக்கு பாக்கப் போறாரு. குடுங்க, எல்லாத்துக்கும் சேத்து நானே ஒரு கிறுக்கு கிறுக்கிடறேன். என் முறையும் இதுல மூணு இருக்கு."

"வேணாம்."

"என்ன வேணாம்? உங்களுக்குத்தான் திட்டு விழும்."

"விழட்டும். நீ வரலியே."

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். கேலி ஏதாவது வருமென்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. ஏட்டை மேசையில் வைத்துவிட்டு, "அடுத்த ஞாயிறு பாக்கறேன்," என்று முனகிக்கொண்டே போனான்.

அடுத்த ஞாயிறு கடும் வெயில். தார் ரோடு இளகிக் காலில் ஒட்டியது. மொட்டைமாடிகளில் புகை. டெல்மிரா கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள். பதினொன்றரை வரை நடைவழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து கையைக் கழுவினாள்.

குளிர்பெட்டியில் ரிப்பன் எதுவும் இல்லை. சீசாவை எடுத்து, பனியைத் துணியால் துடைத்து, மூக்குக் கண்ணாடியையும் துடைத்து, காலி அறையில் சத்தமாகப் படித்தாள்.

"கரி போட்டது. வடித்தது டிசம்பர் பதினேழு. சீசா நாலு."

கொஞ்ச நேரம் நின்றாள். இன்குபேட்டரின் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி," என்று அவளே சொன்னாள்.

பன்னிரண்டு தட்டையும் முடித்த பிறகு ஏட்டைத் திறந்தாள். முதல் கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். இரண்டாவது கட்டத்தில் பேனா முனை ஒரு கணம் நின்றது. அதைக் காலியாகவே விட்டுவிட்டு, மூடி, விளக்கை அணைத்தாள்.